ஹார்ட் பீட் வந்துருச்சா? முதல் ஸ்கேனுக்கு கெளம்பறதுக்கு முன்னாடி இதை படிச்சிட்டு போங்க

யூரின் கார்டுல ரெண்டு கோடு விழுந்த நாள்லேர்ந்து வீட்ல எல்லாருக்கும் ஒரே கேள்விதான். அத்தை போன் பண்ணாலும் அதான், எதிர்வீட்டு அக்கா கேட்டாலும் அதான், "ஹார்ட் பீட் வந்துருச்சாம்மா?" எனக்கு மொத குழந்தைக்கு 6 வாரம் 2 நாள்னு கணக்கு போட்டு ஸ்கேனுக்கு போனேன், "சாக் (கரு வளர்ற பை) மட்டும்தான் இருக்கு, ரெண்டு வாரம் கழிச்சு வாங்க"ன்னு ஒரு வரியில சொல்லி அனுப்பிட்டாங்க. அந்த ரெண்டு வாரம் நான் அழுத அழுகை இருக்கே, அதுல பாதி தேவையே இல்லாத அழுகைன்னு பின்னாடிதான் புரிஞ்சுது. அதனால எனக்கு அப்போ யாராச்சும் உக்காந்து சொல்லியிருந்தா நல்லாருந்திருக்கும்னு தோணுனத எல்லாம் வரிசையா எழுதறேன், நான் டாக்டர் இல்ல, ரெண்டு பெத்தவ, கொஞ்சம் படிச்சு தெரிஞ்சுகிட்டவ, அவ்வளவுதான்.

மொதல்ல நாள் கணக்கு

எல்லா கொழப்பமும் இங்கதான் ஆரம்பிக்குது. டாக்டர் சொல்ற வாரக்கணக்கு கரு உண்டான நாள்லேர்ந்து இல்ல, கடைசியா பீரியட்ஸ் வந்த மொத நாள்லேர்ந்து. எல்.எம்.பி.ன்னு சீட்டுல எழுதுவாங்களே, அதான். அதனால "6 வாரம்"ன்னா கருவோட உண்மையான வயசு 4 வாரம்தான். பிரசவ தேதியும் அதே நாள்லேர்ந்து 280 நாள், இல்லன்னா 9 மாசம் 7 நாள் கூட்டிக்கோங்க.

இந்த கணக்குல ஒரு பெரிய ஓட்டை இருக்கு. 28 நாளைக்கு ஒரு தடவ கரெக்டா பீரியட்ஸ் வந்து 14-வது நாள் முட்டை வெளியாகறவங்களுக்கு போட்ட கணக்கு இது. எனக்கு சைக்கிள் 38 நாள். அப்படின்னா முட்டை வெளியானதே ஏறக்குறைய 24-வது நாள், அதாவது கணக்கை விட 10 நாள் லேட். எல்.எம்.பி. படி 6 வாரம் 2 நாள்னு நான் நெனச்சுகிட்டு இருந்தப்போ உண்மையில 5 வாரம் கூட ஆகல! 5 வாரத்துல ஹார்ட் பீட்ட தேடினா எங்கேர்ந்து கெடைக்கும்? பிசிஓடி இருக்கறவங்க, கருத்தடை மாத்திரை நிறுத்துன உடனே உண்டானவங்க, குழந்தைக்கு பால் குடுத்துட்டு இருக்கும்போதே திரும்ப உண்டானவங்க, எல்லாருக்கும் இந்த கதைதான். ஸ்கேன் ரூம்ல எல்.எம்.பி. கேக்கும்போது தேதியோட சேத்து "எனக்கு சைக்கிள் இத்தன நாள்"னு வாயத்தொறந்து சொல்லுங்க, அவங்களா கேக்க மாட்டாங்க. ஐ.வி.எஃப். பண்ணவங்களுக்கு இந்த தொல்லை இல்ல, 5 நாள் கருவ உள்ள வெச்சாங்கன்னா அன்னிக்கு 2 வாரம் 5 நாள்னு வெச்சு எண்ணிக்கலாம், தேதி துல்லியமா கெடைச்சுடும்.

எந்த வாரம் எது தெரியும்

இங்க சொல்றதெல்லாம் உள்ள வெச்சு பாக்கற ஸ்கேன், அதான் டி.வி.எஸ்., அதுல தெரியறது. வயித்து மேல வெச்சு பாத்தா எல்லாத்துக்கும் ஏறக்குறைய ஒரு வாரம் தள்ளி வெச்சுக்கோங்க, கொஞ்சம் குண்டா இருந்தா, கர்ப்பப்பை பின்னாடி சாஞ்சு இருந்தா இன்னும் லேட் ஆகும்.

நாலரை வாரம், 5 வாரத்துல கர்ப்பப்பைக்குள்ள ஒரு சின்ன கருப்பு வட்டம் தெரியும், அது ஜி-சாக், கரு வளர்ற பை. அஞ்சரை வாரம் போல அந்த வட்டத்துக்குள்ள மோதிரம் மாதிரி இன்னொரு குட்டி வட்டம், அது யோக் சாக். நஞ்சுக்கொடி ரெடியாகற வரைக்கும் கருவுக்கு அதான் துணை. யோக் சாக் தெரிஞ்சாலே பாதி நிம்மதி, ஏன்னா கரு டியூபுல, அதான் கருக்குழாய்ல இல்ல, கர்ப்பப்பைக்குள்ளதான் இருக்குன்னு அப்போதான் உறுதியா சொல்ல முடியும். அப்பறம் 6 வாரம் போல யோக் சாக்க ஒட்டி ஒரு அரிசி நொய் சைஸ்ல ஒரு புள்ளி, அது ஃபீட்டல் போல், அதுதான் கரு. அந்த நொய்க்குள்ள மினுக் மினுக்குன்னு ஒரு துடிப்பு தெரியும், நம்ம குடும்பமே காத்துட்டு இருக்கற ஹார்ட் பீட் அதான்.

அதை முழு இதயம்னு நெனச்சுக்காதீங்க. அந்த நேரத்துல இதயம் ஒரு மடங்குற குழாய்தான், நாலு அறையெல்லாம் பின்னாடிதான் உருவாகும். கரு உண்டாகி ஏறக்குறைய 22 நாள்ல அந்த குழாய் துடிக்க ஆரம்பிக்கும், ஸ்கேன்ல கண்ணுக்கு தெரிய இன்னும் சில நாள் ஆகும்.

அதனால என் யோசனை, வலி ரத்தம் எதுவும் இல்லன்னா, முன்னாடி டியூப்ல கரு தங்குனது இல்லன்னா, 7 வாரம் முடிஞ்சு 8-க்குள்ள போங்க. 5 வாரத்துல ஓடிப்போய் பாதி விஷயத்த பாத்துட்டு வந்து வீட்ல உக்காந்து அழறதுக்கு பத்து நாள் பொறுக்கறது எவ்வளவோ மேல். டாக்டர் சீக்கிரம் வர சொன்னாங்கன்னா மட்டும் அதுக்கு காரணம் இருக்கும், அப்போ தள்ளிப்போடாதீங்க.

ஸ்கேன் சென்டர்ல

ஆதார் எடுத்துட்டு போங்க, டாக்டர் குடுத்த சீட்டும் வேணும். கர்ப்பிணிக்கு எடுக்கற ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ஃபார்ம் எஃப்னு ஒண்ண நிரப்பி, "குழந்தை ஆணா பொண்ணான்னு எனக்கு தெரிய வேண்டாம்"னு நம்மகிட்ட கையெழுத்து வாங்குவாங்க, இது 1994-ல வந்த பி.சி.பி.என்.டி.டி. சட்டம். கேக்கறதும் தப்பு, சொல்றதும் தப்பு, ஜெயில் வரைக்கும் போகும். இதுல வேடிக்கை என்னன்னா 7 வாரத்துல கேட்டாலும் யாராலயும் பாத்து சொல்ல முடியாது, வெளிய தெரியற உறுப்பு எல்லா குழந்தைக்கும் அப்போ ஒரே மாதிரிதான் இருக்கும்.

டிரெஸ் விஷயம் சின்னதுதான் ஆனா சொல்லிடறேன். சுடிதார் இல்லன்னா சேலை கட்டிட்டு போங்க, முழு நைட்டி, கவுன் எல்லாம் போட்டா முழுசா தூக்க வேண்டி வரும், சங்கடம். வயித்து மேல எடுக்கறதுக்கு யூரின் நிறைஞ்சு இருக்கணும், மூணு நாலு டம்ளர் தண்ணி குடிக்க சொல்லி உக்கார வெச்சுடுவாங்க. டி.வி.எஸ்.க்கு நேர் எதிர், போய் யூரின் போயிட்டு வந்து படுக்க சொல்லுவாங்க. நான் ஒரு லிட்டர் குடிச்சுட்டு அடக்க முடியாம நெளிஞ்சுகிட்டு ஒன்றரை மணி நேரம் உக்காந்துட்டு, உள்ள போனதும் "டி.வி.எஸ். தான்மா, போயிட்டு வந்துடுங்க"ன்னாங்க பாருங்க, அதனால ரிசப்ஷன்லயே எந்த ஸ்கேன்னு கேட்டுட்டு தண்ணி குடிங்க.

உள்ள வெச்சு பாக்கறதுன்னாலே நம்ம ஊர்ல பயம், கருவுல இடிச்சுடும், கலைஞ்சுடும்னு. அந்த ப்ரோப் ரெண்டு விரல் கனம்தான் இருக்கும், காண்டம் மாட்டி ஜெல் தடவி வெப்பாங்க, கர்ப்பப்பை வாயோட வெளியவே நின்னுடும், உள்ள இருக்கற கருவ தொடவே தொடாது. மூச்ச இழுத்து விட்டுட்டு இடுப்ப தளர்த்தி படுத்தா கொஞ்சம் அழுத்தம் மாதிரி இருக்கும், வலி இருக்காது. லேடி டாக்டர் வேணும்னாலும் கேக்கலாம், ஆம்பள டாக்டர்னா கூட ஒரு சிஸ்டர் நிக்கணும்னு சொல்லலாம், வெக்கப்படாம கேளுங்க. ரப்பர் அலர்ஜி இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க.

ஸ்கேன் எக்ஸ்ரே இல்ல. கதிர்வீச்சு கெடையாது, வெறும் ஒலி அலை. "அடிக்கடி ஸ்கேன் எடுத்தா புள்ளைக்கு ஆகாது"ன்னு பாட்டி சொன்னா அவங்க எக்ஸ்ரேவ நெனச்சு சொல்றாங்க. அதுக்காக ஆசைக்கு வாராவாரம் எடுக்கவும் வேண்டாம், தேவைன்னா எடுக்கணும், அவ்வளவுதான்.

"சத்தம் கேக்க வைக்கவே இல்லயே"

இந்த மனக்கொற நெறைய பேருக்கு இருக்கு. ஆரம்ப வாரத்துல ஹார்ட் பீட்ட காதால கேக்கறது இல்ல, கண்ணால பாக்கறது. எம்-மோடுன்னு ஒண்ண போடுவாங்க, அந்த துடிப்பு மேல ஒரு கோடு வெச்சா ஸ்க்ரீன்ல அலை அலையா ஓடும், ரெண்டு அலைக்கு நடுவுல இருக்கற தூரத்த அளந்தா நிமிஷத்துக்கு எத்தனன்னு மெஷினே சொல்லிடும். சத்தமா கேக்கணும்னா டாப்ளர் போடணும், அது ஒலி சக்திய ஒரே எடத்துல குவிக்கும், மொத மூணு மாசத்துல அதை சும்மா போடக்கூடாதுன்னுதான் உலக அளவுல ஸ்கேன் டாக்டர்களோட அமைப்பு சொல்லி வெச்சிருக்கு. அதனால கேக்க வைக்காத டாக்டர் கவனமான டாக்டர்னு நெனச்சுக்கோங்க.

ஆன்லைன்ல விக்கற கையடக்க டாப்ளர் மெஷின 8 வாரத்துல வாங்கி வயித்துல வெச்சுட்டு ஒண்ணும் கேக்கலன்னு ராத்திரி ரெண்டு மணிக்கு அழாதீங்க. 10, 12 வாரம் ஆகாம அதுல ஒண்ணும் வராது, வந்தாலும் அது நம்மளோட சொந்த ரத்தக்குழாய் சத்தமா இருக்கும். அதைவிட ஆபத்து, குழந்தைக்கு ஏதோ பிரச்சனன்னு இருக்கும்போது நம்ம துடிப்ப கேட்டுட்டு நல்லா இருக்குன்னு வீட்லயே இருந்துடறது.

எத்தன இருக்கணும்? 6 வாரத்துல 100 லேர்ந்து 115 போல ஆரம்பிக்கும், அப்பறம் நாளுக்கு நாள் ஏறி 9 வாரத்துல 170 வரைக்கும் போகும், அப்பறம் மெதுவா எறங்கி கடைசி மாசங்கள்ல 110-லேர்ந்து 160-க்குள்ள நிக்கும். 6, 7 வாரத்துல 90-க்கு கீழ இருந்தா டாக்டர் கொஞ்சம் கவலையா பாப்பாங்க, ஒரு வாரத்துல திரும்ப வர சொல்லுவாங்க. 140-க்கு மேல இருந்தா பொண்ணு, கீழ இருந்தா பையன்ங்கறது சுத்த கட்டுக்கதை, 9 வாரத்துல பாத்தா எல்லா குழந்தையும் பொண்ணுதான் அந்த கணக்குப்படி.

ரிப்போர்ட்ட படிக்கறது

எஸ்.எல்.ஐ.யு.ஜி.ன்னு போட்டிருந்தா ஒரே குழந்தை, உயிரோட, கர்ப்பப்பைக்குள்ள இருக்குன்னு அர்த்தம், அந்த நாலஞ்சு எழுத்துதான் நீங்க தேடற நல்ல சேதி. சி.ஆர்.எல்.ங்கறது கருவோட தலையிலேர்ந்து பிட்டம் வரைக்கும் நீளம், மில்லிமீட்டர்ல. இந்த வாரங்கள்ல அது நாளைக்கு 1 எம்.எம். மாதிரி வளரும், அதனால சி.ஆர்.எல். கூட 42 கூட்டுனா எத்தன நாள் கர்ப்பம்னு தோராயமா வந்துடும். 10 எம்.எம்.னா 52 நாள், அதாவது 7 வாரம் 3 நாள். இந்த அளவ வெச்சு நாள் சொல்லலாம்னு மொதல்ல அட்டவணை போட்டது ஸ்காட்லாந்துல கிளாஸ்கோவுல இருந்த ஹியூ ராபின்சன்ங்கற டாக்டர், 1973-ல, இன்னிக்கும் நெறைய ஸ்கேன் மெஷினுக்குள்ள அவர் அட்டவணைதான் ஓடுது. ஓவரி, அதான் சினைப்பையில, கார்பஸ் லூட்டியம் சிஸ்ட்னு போட்டிருந்தா பதறாதீங்க, முட்டை வெளியான எடத்துல உருவாகி கர்ப்பத்த தாங்கற ஹார்மோன சுரக்கறது அது, தானா போயிடும். ரெட்ரோவெர்ட்டட் யூட்டரஸ்னா கர்ப்பப்பை பின்னாடி சாஞ்சிருக்கு, அது நோய் இல்ல, அமைப்பு.

எல்.எம்.பி. படி ஒரு வாரம், ஸ்கேன் படி இன்னொரு வாரம்னு வரும். 9 வாரத்துக்குள்ள எடுத்த ஸ்கேன்ல வித்தியாசம் 5 நாளுக்கு மேல இருந்தா ஸ்கேன் தேதிய வெச்சுதான் பிரசவ தேதிய மாத்தணும், 9 லேர்ந்து 14 வாரத்துக்குள்ளன்னா 7 நாளுக்கு மேல. எனக்கு 10 நாள் தள்ளிப்போச்சு. இந்த மொத ரிப்போர்ட்ட பத்திரமா வெச்சுக்கோங்க, கடைசி மாசத்துல "தேதி தாண்டிடுச்சு, வலி வர ஊசி போடலாம்"னு பேச்சு வரும்போது எந்த தேதி சரிங்கறதுக்கு இதான் சாட்சி.

ஹார்ட் பீட் தெரியலன்னு சொன்னா

இந்த பகுதிக்காகத்தான் இவ்வளவும் எழுதறேன். "தெரியல"ங்கறதும் "இல்ல"ங்கறதும் வேற வேற. இதுக்கு உலகம் பூரா ஒத்துக்கிட்ட அளவுகோல் இருக்கு, 2012-ல அமெரிக்காவுல ஸ்கேன் நிபுணர்கள் கூடி உக்காந்து முடிவு பண்ணுனது, நல்லா இருக்கற கர்ப்பத்த ஒண்ணு கூட தப்பா கலைச்சிடக்கூடாதுன்னே அளவ கொஞ்சம் தாராளமா வெச்சாங்க.

கரு தெரிஞ்சு, அது 7 எம்.எம். இல்ல அதுக்கு மேல இருந்தும் துடிப்பு இல்லன்னா அப்போதான் நின்னுடுச்சுன்னு சொல்லலாம். 7-க்கு கீழ இருந்தா சொல்லக்கூடாது, காத்திருந்து பாக்கணும். கருவே தெரியல, சாக் மட்டும் இருக்குன்னா அந்த சாக்கோட சராசரி அளவு 25 எம்.எம். வந்தும் உள்ள ஒண்ணும் இல்லன்னாதான் முடிவு சொல்லலாம். அளவு அதுக்கு கீழன்னா நாள் கணக்கு. மொத ஸ்கேன்ல யோக் சாக் இல்லாத வெறும் சாக் தெரிஞ்சிருந்தா 2 வாரம் விட்டு பாக்கணும், யோக் சாக் தெரிஞ்சிருந்தா 11 நாள். அதுக்கப்பறமும் துடிப்போட கரு இல்லன்னாதான் முடிவு. இந்த அளவெல்லாம் டி.வி.எஸ்.ல எடுத்ததுக்குதான், வயித்து மேல வெச்சு மட்டும் பாத்துட்டு இல்லன்னு சொன்னா "டி.வி.எஸ். பாத்துடலாமா டாக்டர்"னு கேளுங்க.

எனக்கு மொத ஸ்கேன்ல சாக் 4 எம்.எம். தான், யோக் சாக் கூட தெரியல. இன்னொரு எடத்துல ரிப்போர்ட்ட காட்டுனப்போ அங்க இருந்தவங்க "வளர்ச்சி இல்லம்மா, மாத்திரை போட்டு க்ளியர் பண்ணிடலாம், ஒடம்பு வீணாகாது"ன்னு ரொம்ப சாதாரணமா சொன்னாங்க. எங்கம்மாதான் "அடியே, ரெண்டு வாரத்துல என்ன கொறஞ்சுடப்போகுது, பொறு"ன்னு கைய புடிச்சு இழுத்துட்டு வந்தாங்க. சரியா 14 நாள் கழிச்சு போனேன், சி.ஆர்.எல். 6 எம்.எம்., ஹார்ட் பீட் 124. அந்த 124 இப்போ மூணாங்கிளாஸ் படிக்குது. எல்லாருக்கும் இப்படியே முடியும்னு நான் சொல்ல மாட்டேன், அது பொய், ஆனா யாராச்சும் மாத்திரை குடுக்க வந்தா "எத்தன எம்.எம்., டி.வி.எஸ். தானா, போன ஸ்கேனுக்கும் இதுக்கும் எத்தன நாள்"னு இந்த மூணு கேள்விய கேக்காம வாங்காதீங்க.

காத்திருக்கற நாள்ல சிலருக்கு பீட்டா ஹெச்சிஜிங்கற கர்ப்ப ஹார்மோனோட அளவ பாக்கற ரத்தப்பரிசோதனை 48 மணி நேர இடைவெளில ரெண்டு தடவ எடுப்பாங்க. ரெட்டிப்பாகலன்னா போச்சுன்னு அர்த்தம் இல்ல, ஆரம்பத்துல பாதி அளவு ஏறுனா கூட நல்ல கர்ப்பமா இருக்கலாம். தினமும் எடுத்து நம்பர பாத்துட்டு உக்காந்தா பைத்தியம் புடிக்கும்.

லேசா ரத்தம் பட்டா? டாக்டர்கிட்ட சொல்லணும், ஆனா ஹார்ட் பீட் இருந்து லேசா ஸ்பாட்டிங் ஆகற நெறைய கர்ப்பம் நல்லபடியா போகுது. படுத்த படுக்கையா கெடந்தா கரு தங்கும்ங்கறதுக்கு ஆதாரம் இல்ல. கர்ப்பத்த தாங்கற ஹார்மோனான ப்ரோஜெஸ்ட்ரான உள்ள வெக்கற மாத்திரையா குடுக்கறத பத்தி பிரிட்டன்ல 4000-க்கு மேல பெண்கள வெச்சு பண்ண ஆய்வு 2019-ல வந்துச்சு, முன்னாடி கரு கலைஞ்சு இப்போ ரத்தமும் பட்டவங்களுக்குதான் அதுல பலன் தெரிஞ்சுது, எல்லாருக்கும் இல்ல.

இதுக்கு மட்டும் காத்திருக்கக்கூடாது

அடிவயித்துல ஒரு பக்கமா குத்துற வலி, தல சுத்தி மயக்கம், தோள்பட்டை முனையில வலி, கார்டுல பாசிட்டிவ் ஆனா கர்ப்பப்பைக்குள்ள ஒண்ணும் தெரியலன்னு ரிப்போர்ட், இதுல எதுவா இருந்தாலும் டியூப்ல கரு தங்கியிருக்கலாம். அது வெடிச்சா உயிருக்கே ஆபத்து. மணிக்கு ஒரு பேட் நனையற அளவு ரத்தம் போனாலும் அதே மாதிரிதான். காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, 108-க்கு போன் போடுங்க.

நின்னுடுச்சுன்னு உறுதியா சொல்லிட்டாங்கன்னா

எங்க ஓரகத்திக்கு 9 வாரத்துல இப்படி ஆச்சு, சி.ஆர்.எல். 15 எம்.எம்., துடிப்பு இல்ல, ஒரு சந்தேகமும் இல்ல. வண்டில போனதா, பப்பாளி சாப்டதா, மாடிப்படி ஏறுனதான்னு ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னாங்க, அவ அதையெல்லாம் நம்பி தன்னையே திட்டிக்கிட்டா. மொத மூணு மாசத்துல நிக்கறதுல பாதிக்கு மேல கருவோட குரோமோசோம்லயே ஆரம்பத்துல நடந்த கோளாறு, யாராலயும் தடுத்திருக்க முடியாது. தானா வெளியேற விடறது, மாத்திரை, உறிஞ்சி எடுக்கறதுன்னு மூணு வழி இருக்கு, ரத்தம் ரொம்ப போகல, காய்ச்சல் இல்லன்னா யோசிச்சு சொல்ல நேரம் கேக்கலாம். நெகட்டிவ் ரத்த குரூப்னா ஆன்டி-டி ஊசி தேவையான்னு மட்டும் மறக்காம கேட்டுடுங்க.

துடிப்பு பாத்தாச்சு, அடுத்து

தமிழ்நாட்டுல இருக்கறவங்க 12 வாரத்துக்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துலயோ ஊர் நர்சம்மாகிட்டயோ பதிஞ்சு பிக்மிங்கற கர்ப்பிணி பதிவு நம்பர் வாங்கிடுங்க, தனியார்ல பாத்தாலும் வாங்கணும், பின்னாடி பொறப்பு சர்டிஃபிகேட்டுக்கு அதை கேப்பாங்க, முத்துலட்சுமி ரெட்டி உதவித்தொகைக்கும் 12 வாரத்துக்குள்ள பதியணும். ஃபோலிக் ஆசிட் மாத்திரைய விடாதீங்க.

அடுத்த ஸ்கேன் என்.டி., குழந்தையோட கழுத்துக்கு பின்னாடி இருக்கற நீர அளக்கறது, 11 வாரத்துலேர்ந்து 13 வாரம் 6 நாளுக்குள்ள, சி.ஆர்.எல். 45-லேர்ந்து 84 எம்.எம்.க்குள்ள இருக்கும்போதே எடுத்தாகணும், அந்த நாள் போயிட்டா திரும்ப வராது, அதனால இப்பவே தேதி எண்ணி அப்பாயின்ட்மென்ட் போட்டு வெச்சுடுங்க. பெரும்பாலும் வயித்து மேலயே வெச்சு பாப்பாங்க. நொய் மாதிரி பாத்தது அப்போ கைய காலை ஒதறிக்கிட்டு கெடக்கும், வீட்டுக்காரரையும் உள்ள விட சொல்லி கேட்டு பாருங்க, சில எடத்துல விடறாங்க.